நிலைத்தன்மை, ஆற்றல், உயிர்ப்பன்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலைத்தன்மை பற்றிப் பேச்செடுத்தால் அது சீக்கிரமே சோலார், மரக்கன்று, பிளாஸ்டிக் என்று நாலாபக்கமும் சிதறிவிடுகிறது. கேட்பவருக்குத் தலையும் பிடிபடாது, வாலும் பிடிபடாது. இவை எல்லாவற்றையும் கோக்கும் நூல் ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். அது வேகம். ஒன்றை எவ்வளவு வேகமாக எடுக்கிறோம், அது எவ்வளவு வேகமாகத் திரும்ப உருவாகிறது, நாம் விடும் கழிவை இயற்கை எவ்வளவு வேகமாகச் செரிக்கிறது என்ற மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

நிலைத்தன்மை என்றால் என்ன? வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி என்பதெல்லாம் வேறு வேறா?

பெயர்கள்தான் பல, பொருள் ஏறக்குறைய ஒன்றே. எனக்கு 'வளங்குன்றா' என்ற சொல் பிடிக்கும். வளம் குன்றாமல் வாழ்வது என்று அதற்குள்ளேயே விளக்கம் இருக்கிறது.

இந்தக் கருத்து முதலில் எழுந்த இடம் பலருக்கு வியப்பாக இருக்கும்: சுரங்கம். ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் வேண்டும், தாதுவை உருக்கவும் மரம் வேண்டும். சுற்றியிருந்த காடுகளோ தீர்ந்துகொண்டே வந்தன. மண்ணுக்கடியில் தாது இருந்தும் உருக்க விறகில்லாமல் தொழில் படுத்துவிடும் என்பதை அவர் கண்டார். வெட்டும் அளவும் வளரும் அளவும் ஈடாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார். இன்றைய நிலைத்தன்மைப் பேச்சின் வேர் அங்கே இருக்கிறது.

உலகம் முழுவதும் இந்தச் சொல்லைப் பரப்பியது 1987இல் வந்த ஐ.நா. ஆணைய அறிக்கை. ஆணையத்தின் தலைவர் நார்வேப் பிரதமர் க்ரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட். வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவதே நிலையான வளர்ச்சி என்று அது வரையறுத்தது. நல்ல வரையறைதான். ஆனால் எதை அளப்பது என்று அது சொல்லவில்லை.

சரி, எதை அளப்பது?

பொருளியலாளர் ஹெர்மன் டேலி இதற்கு மூன்று விதிகள் தந்தார். மீன், மரம், நிலத்தடி நீர் போல மீண்டும் உருவாகும் வளத்தை அது உருவாகும் வேகத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. நிலக்கரி, எண்ணெய் போல மீளாத வளத்தைச் செலவழிப்பதானால், அதன் இடத்தைப் பிடிக்கும் மாற்று வளரும் வேகத்துக்குள் செலவழிக்க வேண்டும். கழிவை, சூழல் அதைச் செரிக்கும் வேகத்துக்கு மேல் கொட்டக் கூடாது. எத்தனையோ விளக்கங்களைப் படித்திருக்கிறேன், இதைவிடத் தெளிவானது எனக்குக் கிடைக்கவில்லை. முதல் பணத்தில் கை வைக்காமல் வட்டியில் குடும்பம் நடத்துவது என்று நம் பேச்சுவழக்கில் சொல்வதும் இதைத்தான்.

அளவு மீறினால் உடனே தெரிந்துவிடாதா? அப்போது திருத்திக்கொள்ளலாமே?

தெரியாது. இந்தத் துறையில் எல்லோருக்கும் புரிய வேண்டிய முதல் விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்றொரு ஆளில்லாத் தீவு. 1944இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை அங்கே 29 பனிமான்களைக் கொண்டுபோய் விட்டது. போர்க்காலத்தில் தீவில் இருந்த சிப்பாய்களுக்கு அவசர உணவாக ஆகும் என்பது திட்டம். போர் முடிந்தது, சிப்பாய்கள் கிளம்பினார்கள், மான்கள் தங்கிவிட்டன. தீவில் அவற்றை வேட்டையாடும் விலங்கு இல்லை. தரையெங்கும் லைக்கன் (பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் உயிர், மான்களின் தீனி) மெத்தைபோல் படர்ந்திருந்தது. லைக்கன் மிக மெதுவாக வளரும். அந்த மெத்தை பல்லாண்டுச் சேமிப்பு. 1957இல் மான்கள் சுமார் 1,350. 1963இல் 6,000. அந்த ஆண்டு தீவுக்குப் போயிருந்தால் மந்தை மந்தையாக மான்கள் தெரிந்திருக்கும்; எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் காலடியில் லைக்கன் தீர்ந்துகொண்டிருந்தது. அடுத்து வந்த கடும் குளிர்காலத்தில் மந்தை சரிந்தது. 1966இல் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை 42. அவற்றில் 41 பெண் மான்கள், ஒரே ஒரு ஆண், அதுவும் கொம்பு சரியாக வளராதது. குட்டி ஒன்றுகூட இல்லை. 1980களுக்குள் தீவில் மானே இல்லாமல் போனது.

சேமிப்பு இருக்கும்வரை தட்டுப்பாடு கண்ணில் படாது என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை உச்சத்தில் இருந்த நேரமும் ஆபத்து உச்சத்தில் இருந்த நேரமும் ஒன்றாகவே இருந்தன. மனிதர்களுக்கும் இது நடந்திருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் நூற்றாண்டுக்கணக்கில் 'காட்' (cod) என்ற மீனைப் பிடித்தார்கள். பெரிய இயந்திரக் கப்பல்கள் வந்ததும் பிடிப்பு எகிறியது. 1992இல் மீன் கூட்டம் அடியோடு சரிந்து, அரசு மீன்பிடிக்கே தடை போட்டது. ஒரே அடியில் சுமார் 30,000 பேருக்கு வேலை போனது.

சூழல், சமூகம், பொருளாதாரம் என்று மூன்று தூண்கள் சொல்கிறார்களே?

பாடத்துக்கு வசதியான படம் அது. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தூண்கள் என்பதைவிட, ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் வட்டங்கள் என்று பார்ப்பது சரியாக இருக்கும். பொருளாதாரம் சமூகத்துக்குள் நடக்கிறது, சமூகம் இயற்கைக்குள் வாழ்கிறது. 2015இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நிலையான வளர்ச்சி இலக்குகளிலும் வறுமை ஒழிப்பு முதலாவதாக இருக்கிறது. பசித்தவரிடம் காட்டை வெட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

ஆற்றல், திறன், யூனிட்: இவற்றில் எப்போதும் குழப்பம். எளிமையாகச் சொல்ல முடியுமா?

திறன் என்பது ஆற்றல் ஓடும் வேகம். வாட், கிலோவாட், மெகாவாட் எல்லாம் திறனின் அளவுகள். ஆற்றல் என்பது ஓடிச் சேர்ந்த மொத்தம். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி. நாம் 'ஒரு யூனிட்' என்று சொல்வது அதைத்தான். 10 வாட் விளக்கை 100 மணி நேரம் எரித்தாலும் அதே ஒரு யூனிட்தான். குழாயில் தண்ணீர் வரும் வேகம் திறன், குடத்தில் சேர்ந்த தண்ணீர் ஆற்றல்.

இது தெரிந்தால் செய்திகளைப் படிக்கும்போது ஏமாற மாட்டீர்கள். ஒரு மெகாவாட் சூரிய மின்நிலையமும் ஒரு மெகாவாட் நிலக்கரி மின்நிலையமும் ஆண்டு முழுவதும் சம அளவு மின்சாரம் தருவதில்லை. இரவு உண்டு, மேகம் உண்டு. அசையாமல் பொருத்திய சூரியத் தகடுகள், நல்ல வெயில் உள்ள இடத்திலும், 24 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் வரக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் தரும்.

ஆற்றல் மூலங்கள் எத்தனை வகை?

பட்டியல் போடுவதைவிட எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். காற்று வீசுவது சூரியன் பூமியைச் சமமில்லாமல் சூடாக்குவதால். அணையில் நீர் சேர்வது சூரியன் கடல் நீரை ஆவியாக்கி மலைமேல் மழையாக இறக்குவதால். விறகு என்பது இலை பிடித்துவைத்த வெயில். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவையும் பழைய வெயில்தான். சூரிய ஒளியைச் சாராத பெரிய மூலங்கள் மூன்றே மூன்று: அணுக்கருப் பிளவு, பூமியின் உள்வெப்பம், நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்.

ஆக, கேள்வி இன்றைய வெயிலில் வாழ்கிறோமா, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய வெயிலை எடுத்துச் செலவழிக்கிறோமா என்பதாக மாறுகிறது. இன்றைய வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. மனிதகுலம் ஓராண்டில் பயன்படுத்தும் மொத்த ஆற்றலுக்கு நிகரான அளவு, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பூமியின்மேல் வந்து விழுகிறது.

நிலக்கரியும் மரத்திலிருந்துதான் வந்தது என்றால் அது ஏன் புதுப்பிக்க முடியாதது?

வேகம்தான் காரணம். நிலக்கரியில் ஒரு பெரிய பங்கு 36 கோடி ஆண்டுகளுக்கும் 30 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்துச் சதுப்புக் காடுகளிலிருந்து வந்தது. செடிகள் மட்காமல் சேற்றில் புதைந்து, மேலே மண் அழுத்தி, வெப்பம் ஏறிக் கரியாக இறுகின. அத்தனை கோடி ஆண்டுகளாகப் பூமி மூடிவைத்த கரியை நாம் சில நூற்றாண்டுகளில் எடுத்து எரிக்கிறோம்.

தீர்ந்துவிடுமே என்ற கவலையைவிட, எரித்தபின் வருவதை எங்கே வைப்பது என்ற கவலைதான் இன்று பெரிது. டேலியின் மூன்றாவது விதி நினைவிருக்கிறதா? எரிப்பதால் வந்து பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கடலும் காடும் ஓரளவு உள்ளிழுக்கின்றன. நாம் விடும் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் அது பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு. அறிவியலாளர் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அண்டார்டிகப் பனிக்கட்டிக்குள் சிக்கிய பழங்காற்றுக் குமிழிகளைச் சோதித்ததில், கடந்த எட்டு லட்சம் ஆண்டுகளில் தொழிற்காலத்துக்கு முன் ஒருமுறைகூட அது 300ஐத் தொட்டு நிலைக்கவில்லை என்று தெரிகிறது.

புதுப்பிக்கத்தக்கது என்றால் தூய்மையானது என்று பொருளா?

இரண்டும் வேறு. விறகு புதுப்பிக்கத்தக்கது, ஆனால் மூடிய அறையில் அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். காடு வளரும் வேகத்துக்கு மேல் வெட்டினால் புதுப்பிக்கத்தக்கது என்ற பெயரும் போய்விடும். யுரேனியம் தோண்டி எடுக்கும் தாது, புதுப்பிக்க முடியாதது. ஆனால் அணு மின்சாரத்தின் கார்பன் வெளியீடு மிகக் குறைவு. அதன் கழிவை நெடுங்காலம் காக்க வேண்டும் என்பது தனிச் சிக்கல். 'பசுமை' என்ற ஒற்றைச் சொல்லால் எல்லாவற்றையும் முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. எது தீரும், எது புகையும், எது எவ்வளவு நிலம் பிடிக்கும் என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரு விளக்கு எரிய உண்மையில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது?

பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது. கரியில் இருந்த ஆற்றல் 100 பங்கு என்று கணக்குப் போடுங்கள். மின்நிலையத்தில் கரியை எரித்து, நீராவி ஆக்கி, சுழலியை (டர்பைன்) சுற்றி மின்சாரம் எடுக்கும்போது கைக்கு வருவது சுமார் 35 பங்கு. மீதி, குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் வெப்பமாகப் போய்விடும். கம்பி வழியே வரும்போது இன்னும் சில பங்கு போக, 32 என்று கொள்வோம். குண்டு பல்பு அதில் இருபதில் ஒரு பங்கைத்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றும். அதாவது 1.6 பங்கு. எரிந்துகொண்டிருக்கும் குண்டு பல்பைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு மீதி எங்கே போகிறது என்று தெரியும். அதே வெளிச்சத்தை எல்இடி விளக்கு ஆறில், ஏழில் ஒரு பங்கு மின்சாரத்தில் தருகிறது.

இந்தச் சங்கிலியை நினைவில் வைத்தால் சிக்கனத்தின் மதிப்பு விளங்கும். விளக்கு முனையில் ஒரு பங்கு மிச்சப்படுத்தினால் சுரங்க முனையில் மூன்று பங்கு மிச்சம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. நீராவி இயந்திரங்கள் சிக்கனமாக ஆகஆக பிரிட்டனில் நிலக்கரிச் செலவு குறைவதற்குப் பதிலாக ஏறியதைப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865இலேயே எடுத்துக்காட்டினார். மலிவானது என்றதும் அதிகமாகப் பயன்படுத்தத் தோன்றும். சிக்கனமான கருவியோடு, போதும் என்ற அளவும் சேர வேண்டும்.

வெயிலும் காற்றும் இல்லாத நேரத்தில் என்ன செய்வது?

நியாயமான கேள்வி. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலிருந்து கிடைக்கும் திறன் எட்டு மடங்காகும். பாதியானால் எட்டில் ஒன்றாகும். காற்றாலை மின்சாரம் அவ்வளவு ஏறி இறங்க இதுதான் காரணம். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919இல் கணக்கிட்டுக் காட்டியபடி, எவ்வளவு நல்ல காற்றாலையும் காற்றின் ஆற்றலில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. முழுவதையும் எடுத்தால் காற்று அங்கேயே நின்றுவிடும், பின்னால் வரும் காற்றுக்கு வழி இருக்காது.

ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கப் பல வழிகள் உண்டு. மிகப் பழகியது நீரேற்று மின்நிலையம்: மின்சாரம் மிஞ்சும்போது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து மேலே நீரை ஏற்றிவைத்து, தேவைப்படும்போது இறக்கிச் சுழலியைச் சுற்றுவது. லித்தியம் அயனி மின்கலங்கள் இப்போது வேகமாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அப்புறம், தொலைதூரப் பகுதிகளைக் கம்பிகளால் இணைப்பது. ஓரிடத்தில் காற்று ஓய்ந்தால் இன்னோரிடத்தில் வீசும். தேவையையே நகர்த்துவதும் ஒரு வழி: நீரிறைப்பையும் வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவதையும் நண்பகலுக்கு மாற்றினால் சேமிக்க வேண்டிய தேவையே குறையும்.

சூரியத் தகட்டைச் செய்ய ஆகும் ஆற்றல், அது வாழ்நாளில் தருவதைவிட அதிகம் என்கிறார்களே?

தவறு. தகடு தன்னைச் செய்ய ஆன ஆற்றலைப் பெரும்பாலும் ஓரிரண்டு ஆண்டுகளில் திருப்பித் தந்துவிடும். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். தோண்டுவது முதல் கழிப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான வாயு வெளியாகிறது என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசி 2014இல் தொகுத்தது. நடு மதிப்புகள் இவை: நிலக்கரி 820 கிராம், எரிவாயு 490, சூரியத் தகடு 41 முதல் 48, நீர்மின்சாரம் 24, அணுவும் காற்றும் 12ஐ ஒட்டி. பழைய தகடுகளைப் பிரித்து மறுசுழற்சி செய்யும் வேலை இன்னும் பின்தங்கியிருக்கிறது என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 45ஐயும் 820ஐயும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

புவிவெப்பம், ஓதம், ஹைட்ரஜன்?

புவிவெப்பம் வாய்த்த இடத்தில் அருமையானது, இரவு பகல் பாராமல் தரும். இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1904இல் நிலத்தடி நீராவியால் ஐந்து விளக்குகளை எரியவைத்துத் தொடங்கினார்கள். ஓத மின்நிலையம் பிரான்ஸின் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 முதல் ஓடுகிறது; ஆனால் அதற்கேற்ற கழிமுகங்கள் உலகில் கொஞ்சம்தான். ஹைட்ரஜன் மூலமே கிடையாது, ஆற்றலைச் சுமந்து செல்லும் பாத்திரம். எதைக் கொண்டு அதைத் தயாரித்தார்கள் என்று கேட்காமல் அதைத் தூய்மையானது என்று சொல்லக் கூடாது.

உயிர்ப்பன்மை என்றால் எத்தனை வகை விலங்குகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கையா?

அது ஒரு பகுதி. பல்லுயிர்ப் பெருக்கம் என்றும் சொல்லப்படும் உயிர்ப்பன்மைக்கு மூன்று அடுக்குகள் உண்டு: ஒரே இனத்துக்குள் இருக்கும் மரபு வேறுபாடு, இனங்களின் வகை, அவை சேர்ந்து வாழும் சூழல் அமைப்புகளின் வகை. இதுவரை பெயரிட்டு விவரித்த இனங்கள் சுமார் 20 லட்சம். 2011இல் வந்த ஒரு மதிப்பீடு, பாக்டீரியா போன்றவற்றைத் தவிர்த்தே, 87 லட்சம் இனங்கள் இருக்கலாம் என்கிறது. பெரும்பாலானவற்றுக்கு நாம் இன்னும் பெயர்கூட வைக்கவில்லை.

மரபு வேறுபாடு எதற்கு? நல்ல ரகம் ஒன்று போதாதா?

1840களில் அயர்லாந்தின் ஏழைகள் பெரும்பாலும் 'லம்பர்' என்ற ஒரே உருளைக்கிழங்கு ரகத்தை நம்பியிருந்தார்கள். உருளையைக் கிழங்கிலிருந்தே முளைக்க வைப்பதால் செடிகள் எல்லாம் ஒன்றன் நகல்கள். 1845இல் ஒரு கருகல் நோய் வந்தது. ஒரு செடியை வீழ்த்த முடிந்த நோயால் எல்லாவற்றையும் வீழ்த்த முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். நோய் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பஞ்சத்திலும் நாட்டிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது.

நெல்லுக்கும் ஓர் ஆபத்து வந்தது. 1970களில் ஆசிய வயல்களில் பயிரைக் குட்டையாக்கும் வைரஸ் நோய் பரவியபோது, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தது. நோயைத் தாங்கும் தன்மை ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில்தான் கிடைத்தது. அதைக் கலப்பினம் செய்துதான் பயிரைக் காப்பாற்றினார்கள். களை என்று யாராவது அந்தப் புல்லை முன்பே அழித்திருந்தால்?

ஒரு சின்ன இனம் மறைந்தால் என்ன ஆகிவிடும்?

'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை. பூக்கள் காய்க்குள்ளே இருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. பழம் என்று நாம் சொல்வது, உள்பக்கமாக மடிந்த ஒரு பூங்கொத்து. அதன் நுனியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. ஓரிரு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி ஒன்று அந்தத் துளைக்குள் தலையை நுழைத்து நெருக்கியடித்து உள்ளே போகிறது. போகும் வழியிலேயே அதன் சிறகுகள் பிய்ந்துவிடும். உள்ளே இருட்டில், தான் பிறந்த காயிலிருந்து கொண்டுவந்த மகரந்தத்தைப் பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே இறந்துபோகிறது. சில வாரங்கள் கழித்து முதலில் வெளிவருபவை சிறகில்லாத ஆண் குளவிகள். அவை பெண்களோடு கூடி, காயின் சுவரில் வெளியேறும் வழியைக் குடைந்துவிட்டு மடிகின்றன. பெண் குளவிகள் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அந்த வழியே பறந்துபோகும். அவற்றுக்கு வெளியில் வாழ்வு ஓரிரு நாள்தான். அதற்குள் சரியான பருவத்தில் இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆல், அரசு, அத்தி என இந்தப் பேரினத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய குளவி. குளவி ஓரிரு நாளே வாழ்வதால், காட்டில் எப்போதும் ஏதாவது ஒரு மரம் காய்விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மற்ற மரங்கள் ஓய்ந்திருக்கும் மாதங்களிலும் இவற்றில் பழம் கிடைப்பது அதனால்தான். 1,200க்கும் மேற்பட்ட பறவை, பாலூட்டி இனங்கள் இந்தப் பழங்களைத் தின்பதாகப் பதிவாகியிருக்கிறது. குளவி போனால் விதை இல்லை. மரம் கிழடாகி விழும்வரை நிற்கும், கன்று வராது. பஞ்ச காலத்தில் அதை நம்பியிருக்கும் இருவாச்சியும் வௌவாலும் எங்கே போகும்?

தன் எண்ணிக்கைக்கு மீறிப் பலவற்றைத் தாங்கிப்பிடிக்கும் இத்தகைய உயிர்களை ஆதார இனங்கள் என்பார்கள். 1960களில் சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் அமெரிக்கக் கடற்கரைப் பாறை ஒன்றிலிருந்து, சிப்பிகளைத் தின்னும் ஒரு வகை நட்சத்திர மீனை மட்டும் விடாமல் அகற்றிப் பார்த்தார். சிப்பிகள் கட்டுக்கடங்காமல் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டன. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின.

இனங்கள் எப்போதும் அழிந்துகொண்டுதானே இருந்தன? இப்போது மட்டும் ஏன் கவலை?

அழிந்துகொண்டுதான் இருந்தன. வேகம்தான் மாறிவிட்டது. கடந்த ஒரு கோடி ஆண்டுகளின் சராசரியைவிடப் பத்து முதல் நூற்றுக்கணக்கான மடங்கு வேகமாக இன்று அழிவு நடக்கிறது என்று 2019இல் ஐபிபிஇஎஸ் என்ற பன்னாட்டு அறிவியல் குழு மதிப்பிட்டது. சுமார் பத்து லட்சம் இனங்கள் ஆபத்தில் இருக்கின்றன. காரணங்களையும் அது வரிசைப்படுத்தியது: நிலத்தையும் கடலையும் நாம் மாற்றிப் பயன்படுத்துவது, அளவுமீறிப் பிடிப்பது, காலநிலை மாற்றம், மாசு, அயலிலிருந்து வந்து ஆக்கிரமிக்கும் இனங்கள்.

சில சமயம் காரணம் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வரும். தெற்காசியாவில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள் 1990களில் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. கால்நடைகளுக்கு வலி மருந்தாகக் கொடுத்த டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் உடல் வழியே கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது என்று 2004இல்தான் தெரியவந்தது. கெடுதல் செய்ய வேண்டும் என்று யாரும் அந்த மருந்தைக் கொடுக்கவில்லை.

நிறைய மரம் நட்டால் சரியாகிவிடாதா?

எந்த மரம், எங்கே என்பதைப் பொறுத்தது. ஒரே இனத்தை வரிசையாக நட்டால் கிடைப்பது தோட்டம். காடு என்பது கொடி, புதர், பட்டமரம், பூஞ்சை, புழு எல்லாம் சேர்ந்தது. இயற்கையான புல்வெளியில் மரம் நடுவது நன்மை என்று நினைத்துச் செய்யும் அழிவு. அங்கே வாழும் உயிர்களுக்குத் திறந்த வெளிதான் வீடு. ஏற்கனவே இருப்பதை விட்டுவைப்பது பெரும்பாலும் நடுவதைவிட மேல். செடிகள் முழுதும் மட்காமல் நீரில் ஊறிச் சேர்ந்த கரிச்சேற்று நிலங்கள் பூமியின் தரையில் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரங்கள் எல்லாம் சேர்த்துவைத்திருக்கும் கார்பனைவிட அதிகமாக அவை வைத்திருக்கின்றன. அவற்றுக்காக யாரும் விழா எடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

தூய ஆற்றலே உயிர்ப்பன்மையைக் கெடுத்தால்?

கெடுக்கும், கவனமில்லாவிட்டால். பெரிய அணை, முட்டையிட மேலேறும் மீன்களின் வழியை அடைக்கும். மூழ்கிய காடு அழுகி, பூமியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனை விடும். தாவர எண்ணெயை எரிபொருளாக்குவதற்காகக் கரிச்சேற்றுக் காட்டை வடித்து எண்ணெய்ப்பனை நட்டால், மிச்சமாகும் கார்பனைவிட வெளியேறும் கார்பன் பல மடங்காகிவிடும். காற்றாலை பறவைகளின் வலசைப் பாதையில் நின்றால் கழுகுகளும் வௌவால்களும் அடிபடும்.

இதற்காகப் பழைய எரிபொருளிலேயே இருந்துவிடலாம் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வெப்பம் ஏறினால் பவளத்திட்டுகளுக்குத் தப்பிக்க இடமே இல்லை. கடல் உயிரினங்களில் நாலில் ஒரு பங்கு அங்கே அண்டி வாழ்கின்றன. ஆகவே இடம் பார்த்து அமைக்க வேண்டும்: கூரைகள்மேல், ஏற்கனவே கெட்டுப்போன நிலத்தில், வலசைப் பாதைக்கு விலகி.

அழிந்ததை மீட்க முடியுமா?

கடைசி உயிர் போய்விட்டால் முடியாது. வானத்தை மறைக்கும் கூட்டமாகப் பறந்த வட அமெரிக்கப் பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிச்சாலையில் இறந்தது. கொஞ்சமாவது மிச்சம் இருந்து, நாம் கையை எடுத்துக்கொண்டால், மீட்சி வியக்கவைக்கும். தென்மேற்கு அட்லாண்டிக்கின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் 1950களில் 450 அளவுக்குக் குறைந்திருந்தன. வேட்டை நின்றபின் இன்று சுமார் 25,000.

ஆனால் எல்லாம் அப்படி மீள்வதில்லை. முன்பு சொன்ன காட் மீனுக்கு ஓரிரு ஆண்டு ஓய்வு போதும் என்றுதான் 1992இல் நினைத்தார்கள். தடை விலக 32 ஆண்டுகள் ஆயின. 2024இல் அதை விலக்கியபோதும் மீன் கூட்டம் தன் பழைய அளவுக்கு அருகில்கூட வந்திருக்கவில்லை.